என்ன வெட்டு வேண்டும் என்று கேட்காத கடை: ஐந்துக்கு மூன்று நட்சத்திரம்

பினாங்கு லிட்டில் இந்தியாவில், குவீன் ஸ்திரீட் மாரியம்மன் கோயிலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற ஒரு முடிவெட்டும் கடையைப் பற்றி எழுதுகிறேன். பெயர் சொல்லப் போவதில்லை, கடைக்காரப் பெரியவர் மனம் கஷ்டப்படும். அந்தப் பக்கம் புழங்குகிறவர்களுக்கு இரண்டு பத்தி படித்தாலே எந்தக் கடை என்று தெரிந்துவிடும்.

முதலில் கணக்கு வழக்கு. முடி வெட்ட 15 வெள்ளி (ரிங்கிட்), சவரம் 10, இரண்டும் சேர்த்தால் 23. ரொக்கம் மட்டும்தான். ஏர்கோன் இருக்கிறது, ஆனால் வெயில் உச்சிக்கு வந்த பிறகுதான் போடுவார். மூன்று இரும்பு நாற்காலிகள், மூன்றும் பழைய ஜப்பான் சாமான், இன்றைக்கும் கிரீச் என்ற சத்தம் இல்லாமல் சாய்கின்றன. மூன்றாவது நாற்காலியில் பல வருஷமாக ஆள் இல்லை, அதில் பழைய பத்திரிகைகள் உட்கார்ந்திருக்கின்றன. அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன்.

இந்தக் கடையின் விசேஷம் என்னவென்றால், உங்களிடம் எதுவுமே கேட்கமாட்டார்கள். உட்கார்ந்ததும் வெள்ளைத் துணி கழுத்தில் விழும், தலையை ஒரு கையால் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்ப்பார், அவ்வளவுதான், கத்தரி பேச ஆரம்பித்துவிடும். கைத்தொலைபேசியில் நடிகர் படத்தைக் காட்டி "அண்ணே, இந்த மாதிரி" என்று கேட்ட பையன் ஒருவனை, "அவன் தலை வேற, உன் தலை வேற, நேரா உட்காரு தம்பி" என்று சொல்லி அமுக்கியதை நானே பார்த்தேன். அந்தப் பையன் போகும்போது கண்ணாடியில் இரண்டு முறை திரும்பிப் பார்த்துக்கொண்டு போனான். உண்மையிலேயே நன்றாக இருந்தது.

பதினொரு வருஷமாக நான் அங்கே தலையைக் கொடுத்துக்கொண்டிருந்ததற்குக் காரணம் அதுதான். காதுக்கு மேலே மிஷின், உச்சியில் சீப்பும் கத்தரியும், பின்கழுத்துக்குச் சவரக்கத்தி, நுரையைக் கிண்ணத்தில் போட்டுப் பிரஷால் அடித்துத்தான் பூசுவார், டப்பாவில் வரும் நுரை அவருக்கு ஆகாது. முடிந்ததும் படிகாரம், பவுடர், மண்டையில் தப்தப் என்று நாலு தட்டு, கழுத்தை ஒரு சொடுக்கு. கடைசியாக ஆணியில் மாட்டியிருக்கும் சின்ன வட்டக் கண்ணாடியை எடுத்துத் தலைக்குப் பின்னால் பிடித்து, இடம் வலமாக ஒரு முறை காட்டிவிட்டு, உங்கள் முகத்தைப் பார்ப்பார். வாயால் கேட்கமாட்டார். புருவம் லேசாகச் சுருங்கினால் போதும், கண்ணாடியை வைத்துவிட்டு மறுபடி கத்தரியை எடுப்பார். இந்தக் கண்ணாடியை நான் அப்போது பெரிதாக நினைத்ததில்லை.

சரி, இப்போது அரசியல். அந்தக் கடையில் அரசியல் இல்லாமல் முடி வெட்ட முடியாது, 15 வெள்ளிக்குள் அதுவும் சேர்த்திதான். சுவரில் முருகன், அவருக்குப் பக்கத்தில் எம்.ஜி.ஆர், அவருக்குக் கீழே 2015 மார்ச்சில் லீ குவான் யூ இறந்தபோது பத்திரிகையில் வந்த படம், கத்தரித்துக் கண்ணாடிச் சட்டம் போட்டது. பெரியவர் கும்பகோணத்துக்காரர். அக்காவை இங்கே கட்டிக் கொடுத்திருந்ததால் 1979-இல் சிதம்பரம் கப்பல் ஏறி வந்தவர். அவருடைய கொள்கை ரொம்ப எளிது. நம்ம ஆட்களுக்கு ஜனநாயகம் சரிப்படாது, வெள்ளைக்காரனுக்குச் சரி, அவன் வரிசையில் நிற்பான், நம்ம ஆளைத் தட்டித்தான் உட்கார வைக்க வேண்டும். சிங்கப்பூரைப் பார், அந்த ஒரு மனுஷன் இல்லையென்றால் சேறுதான். இதையெல்லாம் சவரக்கத்தி உங்கள் தொண்டைக்குழியில் இருக்கும்போது சொல்வார். பதில் சொன்னால் கழுத்து அசையும். கழுத்து அசைந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். எதிர்க்கட்சியே இல்லாமல் விவாதம் நடத்த இதைவிட நல்ல இடம் உலகத்தில் கிடையாது.

எதிர்க்கட்சி பெஞ்சில் இருந்து வரும். ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் வெட்டிக்கொள்ள முடியே இல்லாவிட்டாலும் வாரம் இரண்டு முறை வந்து பத்திரிகை படிப்பார். ஒரு நாள் பெரியவர், இந்திரா காந்தி நெருக்கடி நிலை கொண்டு வந்தபோது தான் கும்பகோணத்தில் ஒரு சலூனில் எடுபிடி என்றும், ரயில் எல்லாம் கடிகாரம் மாதிரி வந்தது என்றும், ஆபீஸில் ஆள் நாற்காலியில் இருந்தான் என்றும் சொல்லிக்கொண்டிருந்தார். ஆசிரியர் பத்திரிகையை மடிக்காமலே ஆரம்பித்தார். ரயில் வந்தது, சரி. 1976 ஜனவரி 31-இல் நீங்க ஓட்டுப் போட்டு வச்ச ஆட்சியைக் கலைச்சாங்களே, அது? 1976-77 ஒரே வருஷத்தில் 80 லட்சம் பேருக்கும் மேல் கருத்தடை செய்தார்களே, அதில் எத்தனை பேர் மனசோடு போனார்கள்? அப்புறம் அவர் சொன்ன விஷயம்தான் எனக்குள் ஒட்டிக்கொண்டது. பத்திரிகைகளுக்குத் தணிக்கை போட்டு நல்ல செய்தி மட்டுமே வரவைத்ததால், நாடே தன் பக்கம் என்று அந்த அம்மாவும் நம்பிவிட்டார், அதனால்தான் 1977-இல் துணிந்து தேர்தல் வைத்துத் தன் தொகுதியிலேயே தோற்றார் என்று பலர் சொல்வார்களாம். பெரியவர் பதில் சொல்லவில்லை. என் கிருதாவைச் சரி பார்த்துக்கொண்டிருந்தார். இடது பக்கம் கொஞ்சம் வேகமாக வழித்தார் என்று நினைக்கிறேன்.

போன வருஷம் பெரியவருக்கு முழங்கால் போய்விட்டது. இரண்டு மணி நேரம் நின்றால் மூன்றாவது மணிக்கு உட்கார வேண்டியிருந்தது. கடை அக்கா மகனிடம் போனது. புக்கிட் மெர்தாஜாமில் வளர்ந்தவர், நாற்பதுக்குக் கிட்ட வயது. மாமாவிடம் பத்து வருஷம் இருந்தவர்தான், மாமாவின் எல்லாவற்றையும் கற்றுக்கொண்டார், ஒன்றைத் தவிர. கேட்காமல் வெட்டக் கற்றுக்கொண்டார், தலையை அமுக்கக் கற்றுக்கொண்டார், "நேரா உட்காருங்க" என்பதை மாமா குரலிலேயே சொல்கிறார். கை மட்டும் மாமாவின் கை இல்லை.

என் சித்தப்பா மகள் கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னால் போய் உட்கார்ந்தேன். வழக்கம்போல் கண்ணை மூடிக்கொண்டேன். பதினொரு வருஷப் பழக்கம் அது, அந்தக் கடையில் கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டிய அவசியமே எனக்கு வந்ததில்லை. திறந்தபோது முன்பக்கம் பரவாயில்லை, கொஞ்சம் தேங்காய் உரித்த மாதிரி இருந்தது, ஆனால் சமாளிக்கலாம். பவுடர் போட்டார், துணியை உதறினார், "அடுத்து" என்றார். வட்டக் கண்ணாடி ஆணியில் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. வீட்டுக்குப் போய் மனைவி சிரித்த பிறகுதான் தெரிந்தது, பின்பக்கம் வலப்புறம் ஒரு படிக்கட்டு. கல்யாணப் படத்தில் என்னைப் பின்னால் இருந்து எடுத்தவை மூன்று. மூன்றையும் குடும்ப வாட்ஸ்ஆப்பில் போட்டுவிட்டார்கள்.

கோபம் எல்லாம் இல்லை, முடி வளரும். ஆனால் அதற்குப் பிறகு பெரியவரின் சிங்கப்பூர்ப் பேச்சை நான் வேறு மாதிரி யோசிக்க ஆரம்பித்தேன். கேட்காமல் வெட்டியதால் அவர் கடை நன்றாக இருந்தது என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம், அவரும் அப்படித்தான் நினைத்தார். நன்றாக இருந்ததற்குக் காரணம் அவர் கை, அப்புறம் அந்த வட்டக் கண்ணாடி. அக்கா மகன் எடுத்துக்கொண்டது கேட்காத பழக்கத்தை மட்டும், ஏனென்றால் அதுதான் சுலபமாகக் கிடைக்கிற பாகம்.

லீ குவான் யூவைப் பார்த்து ஆட்சி பழகினோம் என்று சொல்லிக்கொண்ட மற்றவர்களும் இதைத்தான் செய்தார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த மனிதரிடம் கெடுபிடி நிறைய இருந்தது, மறுக்க முடியாது. நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த சியா தை போ என்பவரை 1966-இல் பிடித்து விசாரணையே இல்லாமல் 23 வருஷம் சிறையில் வைத்திருந்தார்கள். யாழ்ப்பாண வம்சாவளி வக்கீல் ஜெயரத்தினம் 1981-இல் ஆன்சன் இடைத்தேர்தலில் ஜெயித்து உள்ளே போனார், பல வருஷமாக எதிர்க்கட்சி என்று ஓர் ஆள்கூட இல்லாத சபை அது, அவரை என்ன பாடுபடுத்தினார்கள் என்பது ஊருக்கே தெரியும். ஆனால் அதே சிங்கப்பூரில் 1959-இலிருந்து தேர்தல் தவறாமல் நடக்கிறது, ஓட்டுகளை மோசடி இல்லாமல் எண்ணுகிறார்கள். 1986-இல் தேசிய வளர்ச்சி அமைச்சர் மீதே லஞ்ச விசாரணை போனது, அது நடக்கும்போதே அவர் உயிரை விட்டார். 2011-இல் ஆளுங்கட்சிக்கு 60 விழுக்காடுதான் வந்தது, நமக்கு அது பெரிய வெற்றி, அவர்களுக்கு அது தூக்கம் கெடுகிற எண். வெளிநாட்டு ஆட்களை எடுப்பதைப் பிறகு இறுக்கினார்கள். அதாவது கண்ணாடியைச் சின்னதாகத்தான் வைத்திருந்தார்கள், சாய்வாகத்தான் பிடித்தார்கள், ஆனால் தூக்கிப் போடவில்லை.

தூக்கிப் போட்டவர் கதை வேண்டுமென்றால் பர்மா இருக்கிறது. போருக்கு முன்னால் உலகத்திலேயே அதிக அரிசி ஏற்றுமதி செய்த தேசம், நம்ம செட்டியார்கள் வட்டிக்கடை வைத்து வாழ்ந்த தேசம். 1962-இல் ராணுவத் தளபதி நே வின் வந்தார், இந்த நாட்டுக்குக் கட்சிச் சண்டை ஒத்துவராது என்று அதே பாட்டுத்தான். 1964-இல் கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டது, 50, 100 சாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள், நம்ம ஆட்கள் கட்டிய துணியோடு கப்பலேறினார்கள். சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே பர்மா பஜார் பக்கம் போனால் இன்றைக்கும் அத்தோ நூடுல்ஸ் கிடைக்கும், அந்தச் சனங்கள் கூடக் கொண்டுவந்த சொத்து அது ஒன்றுதான் போலிருக்கிறது. அதோடு நிற்கவில்லை. 1987-இல் 25, 35, 75 சாட் நோட்டுகளை ஒரே நாளில் செல்லாக் காசாக்கினார். அந்த மாதமே 45, 90 என்று நோட்டு அடித்தார், அவருக்கு ஒன்பது ராசியான எண்ணாம். காய்கறிக் கடைக்காரன் 90 சாட்டுக்கு மீதி கொடுக்க என்ன பாடுபட்டிருப்பான் என்று யோசித்துப் பாருங்கள். அந்த வருஷ முடிவில் ஐ.நா. அந்த நாட்டை மிகவும் பின்தங்கிய நாடுகளின் பட்டியலில் சேர்த்தது. "ஐயா, இது கிறுக்குத்தனம்" என்று சொல்ல ஒரு மந்திரி இல்லை, ஒரு பத்திரிகை இல்லை.

இலங்கையைப் பற்றி ஆசிரியர் கேட்டார். கோத்தபய ஓட்டு வாங்கித்தானே வந்தார், அதற்கு உங்க கண்ணாடிக் கதையில் என்ன பதில் என்று. நியாயமான கேள்வி. ஓட்டில்தான் வந்தார், 2019-இல். கெட்டிக்காரர், பட்டாளத்துக்காரர், பேச்சுக் கம்மி என்று சொல்லிப் பெரும்பான்மை சனங்கள் ஆசைப்பட்டுத்தான் போட்டார்கள், நம்ம சனங்களுக்கு அவர் யார் என்று 2009-இலேயே தெரியும் என்பது வேறு விஷயம். 2020-இல் 20-ஆவது திருத்தம் கொண்டுவந்து தடுப்புகளை எல்லாம் கழற்றிப் போட்டார்கள். 2021 ஏப்ரலில் ரசாயன உரத்துக்கு ஒரே அடியாகத் தடை. நெல்லும் போச்சு, தேயிலையும் அடி வாங்கியது, ஏழெட்டு மாசத்தில் தடையைத் திரும்ப எடுத்தார்கள். 2022 ஜூலையில் மனிதர் நாட்டை விட்டே ஓடினார். விவசாயிகளும் பேராசிரியர்களும் முன்கூட்டியே சொன்னார்கள், சொன்னதைக் கேட்க வைக்கிற கதவுதான் அடைபட்டிருந்தது.

இதெல்லாம் ஒரு பக்கம். பெரியவர் பக்கமும் நான் கொஞ்சம் பேச வேண்டும், இல்லையென்றால் இந்த விமர்சனம் அவருக்குச் செய்கிற அநியாயம். தென் கொரியாவும் தைவானும் சர்வாதிகாரிகள் காலத்தில்தான் எழுந்தன. பார்க் சுங் ஹீ 1961-இலிருந்து 1979 வரை, சுட்டுக் கொல்லப்படும் வரை, நாட்டை நெட்டித் தள்ளினார். தைவானில் 1949-இலிருந்து 1987 வரை ராணுவச் சட்டம். பட்டினியாகக் கிடக்கிறவனிடம் போய் ஓட்டுரிமை பற்றிப் பேசினால் அவன் முறைக்கத்தான் செய்வான், அதில் பெரியவர் சொல்வது சரி. இங்கேயே, மலேசியாவில், 1969 மே 13 இனக் கலவரத்துக்குப் பிறகு நாடாளுமன்றத்தை முடக்கி, துன் ரசாக் தலைமையில் ஒரு குழு 1971 பிப்ரவரி வரை ஆண்டது. அந்த நேரத்தில் கத்தியை அடக்கியது ஊரடங்குதான், விவாதம் இல்லை. 2018-இலிருந்து 2022-க்குள் நாம் நாலு பிரதமரைப் பார்த்தோம், நடுவில் இரண்டு பேர் நம்மிடம் ஒரு ஓட்டும் கேட்காமல் வந்தார்கள். "நானாவது உட்கார வச்சு வெட்டினேன், இவனுங்க நீ தூங்கும்போது வந்து வெட்டிட்டுப் போயிட்டானுங்க" என்றார் பெரியவர். கடை முழுக்கச் சிரிப்பு. எனக்கும் பதில் வரவில்லை.

ஆனால் கொரியாக்காரர்களும் தைவான்காரர்களும் வயிறு நிறைந்ததும் அந்த ஆட்களை வைத்துக்கொள்ளவில்லையே. 1987-இல் கொரியாவில் சனங்கள் தெருவுக்கு வந்து நேரடித் தேர்தலை வாங்கினார்கள். 2024 டிசம்பர் 3 இரவு அதிபர் யூன் ராணுவச் சட்டம் என்று அறிவித்ததும், சில நாடாளுமன்ற உறுப்பினர்கள் வேலி ஏறிக் குதித்து உள்ளே போய், விடிவதற்குள் 190 ஓட்டில் அதை ரத்து செய்தார்கள். "கிழக்கத்திக்காரனுக்கு அதட்டல்தான் சரி" என்ற பேச்சுக்கு அதே கிழக்கில் கிடைத்த பதில் அது. இன்னொன்று, கெட்டிக்காரச் சர்வாதிகாரி வேண்டும் என்று கேட்கிற எவரும் நே வின்னைக் கேட்பதில்லை, லீயைத்தான் கேட்கிறார்கள். எது கிடைக்கும் என்பது குலுக்கல். அமர்த்தியா சென் சொல்வார், பத்திரிகை சுதந்திரம் உள்ள, ஒழுங்காக நடக்கிற ஜனநாயகத்தில் பெரும் பஞ்சம் வந்ததில்லை என்று. சீனாவில் 1959-61 பஞ்சத்தில் கோடிக்கணக்கில் செத்தார்கள், கீழே இருந்த அதிகாரிகள் பயந்துகொண்டு விளைச்சலைக் கூட்டிக் கூட்டி எழுதி அனுப்ப, மேலே இருந்தவர்கள் அந்தக் கணக்கை வைத்து நெல்லை வாரிக்கொண்டு போனார்கள். பின்தலையில் படிக்கட்டு விழுந்தது வெட்டியவனுக்கே தெரியாது என்றால் அதுதான்.

மூன்றாவது நாற்காலிக் கதை பாக்கி இருக்கிறது. முடிவெட்டும் கடை, நகைக்கடை, துணிக்கடை மூன்றுக்கும் வெளிநாட்டிலிருந்து ஆள் எடுப்பதை அரசாங்கம் 2009-இல் நிறுத்தியது. ஊரிலிருந்து வந்து அந்த நாற்காலியில் வேலை செய்தவர் பெர்மிட் முடிந்து போனார், வேறு ஆள் வரவில்லை. "உறுதியான தலைவன் இருந்தா இப்படி நடக்குமா" என்பார் பெரியவர். அண்ணே, யாரையும் கேட்காமல் ஒரே உத்தரவில் நிறுத்தியதுதானே அது, நீங்கள் ஆசைப்படுகிற மாதிரியேதானே செய்தார்கள் என்றேன். சங்கத்துக்காரர்கள் வருஷக்கணக்கில் மனுக் கொடுத்து, மந்திரிகளைப் பார்த்து, தேர்தல் வந்து போய், 2023-இல்தான் மறுபடி திறக்கலாம் என்ற பேச்சே வந்தது. மெதுவு, வெட்கக்கேடான மெதுவு. ஆனால் மனுவைக் கொடுத்த சங்கத் தலைவரை யாரும் ராத்திரியில் வந்து அழைத்துக்கொண்டு போகவில்லை. இதே நாட்டில் 1987 அக்டோபர் கடைசியில் ஆரம்பித்த ஓப்ஸ் லாலாங் கைதுகளில் நூறு பேருக்கு மேல் அப்படிப் போனார்கள், தி ஸ்டார் உட்பட மூன்று பத்திரிகைகளின் உரிமம் போனது, பெஞ்சில் உட்காரும் தமிழ்ப்பள்ளி ஆசிரியருக்கு அந்தக் காலை இன்னும் ஞாபகம் இருக்கிறது.

வேலைக்குப் போகும்போது நான் தினமும் ஜாலான் டி.எஸ். ராமநாதன் வழியாகத்தான் மோட்டாரில் போவேன். முன்னாலே ஸ்காட் ரோடு. யார் அந்த ராமநாதன் என்று என் வயசுக்காரர்களில் பத்துப் பேரைக் கேட்டேன், ஒருவருக்குத் தெரிந்திருந்தது. 1957-இல் ஜார்ஜ்டவுனின் முதல் மேயர், தமிழர், தொழிற்கட்சிக்காரர். அதற்கு ஆறு வருஷம் முன்னாலேயே, சுதந்திரத்துக்கு முன்பே, இந்தத் தீவில் நகராண்மைத் தேர்தல் நடந்தது. 1965-இல் இந்தோனேசியாவோடு மோதல் நடந்தபோது உள்ளூர்த் தேர்தல்களைத் தற்காலிகமாக நிறுத்தினார்கள். 1976-இல் சட்டம் போட்டு அடியோடு எடுத்தார்கள். பினாங்கு அரசு நீதிமன்றம் வரை போய்ப் பார்த்தது, 2014-இல் கூட்டரசு நீதிமன்றம் முடியாது என்றுவிட்டது. அந்தத் தற்காலிகத்துக்கு இப்போது அறுபது வயது ஆகிறது. நம்ம ஆட்களுக்கு ஜனநாயகம் சரிப்படாது என்று பெரியவர் சொல்லும்போதெல்லாம் அந்தத் தெருப் பலகைதான் எனக்கு ஞாபகம் வரும், சரிப்பட்டுத்தானே இருந்தது, நிறுத்தியது நாம் இல்லையே.

கடைக்கு வருகிறேன். கைக்கு ஒரு நட்சத்திரம் குறைத்தேன், கண்ணாடிக்கு ஒன்று. நாற்காலி, நுரை, தலைத்தட்டு, பெஞ்சில் நடக்கும் சட்டசபை, இவற்றுக்கு மூன்று தாராளமாகக் கொடுக்கலாம். சனிக்கிழமை காலையில் போகாதீர்கள், சின்னப் பையன்கள் கூட்டம். செவ்வாய் விடுமுறை. வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டு நடந்து வருவது உத்தமம்.

போன வாரம் போனபோது பெரியவரே முதல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், கழுத்தில் வெள்ளைத் துணி, பின்னால் அக்கா மகன். "காதுக்கு மேல ரொம்ப ஏத்தாதடா" என்றார். "நேரா உட்காருங்க மாமா" என்று பதில் வந்தது. கொஞ்ச நேரம் பேச்சில்லை, மிஷின் சத்தம் மட்டும். முடிந்து பவுடர் போட்டதும் பெரியவர் எழுந்திருக்கவில்லை.

"அந்தக் கண்ணாடிய எடு."

"நல்லாத்தான் மாமா இருக்கு. அடுத்து ஆள் காத்திருக்காங்க."

அடுத்த ஆள் நான்தான். எழுந்து போய் ஆணியிலிருந்து கண்ணாடியை எடுத்து, மேலே படிந்திருந்த பவுடரைச் சட்டை நுனியால் துடைத்து, அவர் தலைக்குப் பின்னால் பிடித்தேன். இடம் வலமாக ஒரு முறை. புருவம் சுருங்கியது.